வாடகை மைக்

எனக்குக் கட்சி இல்லை.
நாளுக்குப் பன்னிரண்டாயிரம், ஜெனரேற்றர் என்றால் கூட.
ஊளையிடாமல் குரலைக் கடைசி வரிசைவரை
கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை.
யாருடைய குரல் என்று அம்பிளிபயர் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை முற்றவெளி.
காலியிலிருந்து வந்த விதானாராச்சி
சட்டைப்பையிலிருந்து துண்டொன்றை எடுத்து
எழுத்துக்கூட்டி வாசித்தார்:
"இது எண்ட ஊர்."
'எண்ட' தொண்டையில் தடக்குப்பட்டு
விழுந்து எழும்பி வெளியே வந்தது.
சனம் சிரித்தது, பேந்து கைதட்டியது,
நடக்கப் பழகும் பிள்ளைக்குத் தட்டுவதுபோல.
முன்வரிசையில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர்
கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.
ஸ்பீக்கர் பெட்டியில் சாய்ந்து நின்றவர்
வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்,
"ஓம், எங்கட காணியை அளக்க வந்தவனும்
இதைத்தான் சொன்னவன்."
அது மைக்குக்கு எட்டவில்லை.

சனிக்கிழமை கோண்டாவில் சந்தி.
சட்டத்தரணி புவிதரன்
ஒரு மணித்தியாலம் தாமதம், அதற்கும் வெடி கொளுத்தினார்கள்.
"இது எண்ட ஊர்" என்றார்.
பெடியள் அடித்த விசிலில்
என் மீற்றர் முள் சிவப்பில் போய்க் குத்தியது.
அதைவிட வேறென்ன சொன்னார்?
வீதி, வேலை, தண்ணீர் ஒன்றும் ஞாபகமில்லை.
ஒருவரும் கேட்கவுமில்லை.

அன்றிரவு கஜீபன் கைபேசியை நீட்டினான்.
அவன் அநுராதபுரத்தில் மேசன் வேலை செய்தவன்,
சிங்களம் வாசிப்பான்.
கொழும்புப் பேப்பரில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில்.
விதானாராச்சிக்குத் தலைப்பு: நேசக்கரம்.
புவிதரனுக்கு: எச்சரிக்கை.
"அண்ணை, வடிவாப் பாருங்கோ,
இவருக்கு மட்டும் ஊரை நாடாக்கிப் போட்டாங்கள்."
நான் வயரைச் சுற்றிக்கொண்டே சிரித்தேன்.
அவங்கள் அப்படித்தான் என்றேன்.
அவங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து சந்தி.
நஸ்லியா ரீச்சர் அரை மணித்தியாலம்
வாய்க்கால், குப்பை லொறி,
பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் பற்றிக் கதைத்தார்.
எத்தனை கதவு உடைந்தது என்பதும் தெரிந்திருந்தது.
முடிக்கிற நேரம்தான்:
"இது எண்ட ஊர்."
மூன்று பேரிலும் திருத்தமான 'எண்ட' அதுதான்.
அதற்கு ஒரு துண்டு தேவைப்படவில்லை.

கைதட்டல் மேடைக்கு முன்னால் ஒரு கைப்பிடி.
அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.
ஜெனரேற்றர் இரைவது மட்டும்.
பிறகு தேத்தண்ணிக் கடைப் பக்கமிருந்து
ஒரு குரல், கோபம்கூட இல்லை:
"எப்ப தொடக்கம்?"
சிரிப்பு.

காலிக்காரரை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை.

ரீச்சர் மைக்கை இன்னும் கிட்டப் பிடித்தார்.
"நான் பிறந்த நாள் தொடக்கம், தம்பி.
இடையில இருபது வருசம்
நீங்கள்தான்..."
அந்த இடத்தில் மைக் ஊளையிடப் பார்த்தது.
நான் சத்தத்தைக் குறைத்தேன்.
ஊளைக்காகத்தான் குறைத்தேன்.
கஜீபன் என்னைப் பார்த்தான்.
அவர் வாய் அசைந்துகொண்டே இருந்தது,
மூன்றாம் வரிசைக்குப் பிறகு
ஒருவருக்கும் அது போய்ச் சேரவில்லை.

கூட்டம் கலைந்ததும் காசை எண்ணித் தந்தார்.
"பற்றுச்சீட்டு ஒண்டு தாங்கோ,
கணக்குக் காட்ட வேணும்."
சத்தம் குறைந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பழைய அம்பிளிபயர், நல்ல சாமான்,
இன்றைக்கும் சூடேறாது.
தொண்ணூறாம் ஆண்டு கார்த்திகையில்
அப்பா மலிவாக வாங்கி வந்தது.
யாரிடம் என்று அந்த மாதம் ஊரில்
ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை.
அடித்தகட்டில் ஆணியால் கீறியிருக்கும்:
சுபியான், மானிப்பாய் வீதி.
ரீச்சருக்குச் சொந்தமோ தெரியாது.
நானும் கேட்கவில்லை.

பற்றுச்சீட்டை
அந்தப் பெட்டியின் மேல் வைத்துத்தான் எழுதினேன்,
என் பெயர் போட்டு.